விளக்கைப் பார்த்துப் போட்ட கோடு

நான் எதையும் சட்டென்று நம்புகிற ஆள் இல்லை. பால்காரர் படியைக் கவிழ்த்துக் காட்டினாலும், உள்ளே ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பார்ப்பேன். டிராம் கண்டக்டர் கிழித்துக் கொடுக்கும் சீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பேன். ராயபுரத்தில் நான் கணக்கு சொல்லிக்கொடுத்த பெண்கள் பள்ளியில் ஒரு பிள்ளையின் விடை சரியாக வந்துவிட்டால், முதலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார் என்றுதான் பார்ப்பேன். "மூலக்கொத்தளம் போற வரைக்கும் இவ சந்தேகம் தீராது" என்று என் கணவர் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். எங்கள் பக்கத்துச் சுடுகாடு அங்கேதான் இருக்கிறது. சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

அப்படிப்பட்டவள் டென்சரை நம்பாததில் அதிசயம் இல்லை.

முப்பதுகளின் தொடக்கம் அது. என் அப்பா பெரம்பூர் ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பௌத்தர்கள் கூடும் இடத்துக்குப் போய்விடுவார். பெண்பிள்ளைக்கு எதற்குக் கணக்கு என்று உறவினர்கள் கேட்டபோது, படிக்கக் கூடாதென்று புத்தர் எங்கே சொன்னார், காட்டுங்கள் என்று மடக்கிவிட்டு என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார். கல்யாணமாகி ராயபுரம் வந்த பிறகும் எனக்குப் படிக்கும் ஆசை அடங்கவில்லை. மூர் மார்க்கெட்டில் அட்டை போன புத்தகம் ஒன்று கிடைத்தது. இழுத்தால் நீளுகிற, அழுத்தினால் சுருங்குகிற பொருள்களைப் பற்றிய புத்தகம். அதில்தான் டென்சர் என்ற சொல்லை முதலில் பார்த்தேன்.

எடை என்றால் எனக்குப் புரியும். அரிசி மூட்டையின் எடை நான் வடக்கே பார்த்து நின்றாலும் தெற்கே பார்த்து நின்றாலும் ஒன்றுதான். ஒரே எண் போதும். காற்றும் புரியும். எவ்வளவு வேகம், எந்தப் பக்கம் என்று ஒரு அம்பு போட்டுவிட்டால் முடிந்தது. ஆனால் டென்சருக்கு ஒரு எண்ணும் போதாது, ஒரு அம்பும் போதாது என்றது புத்தகம். சரி, அது என்னதான் என்று பார்த்தால், அச்சுக்கோடுகளைத் திருப்பினால் இன்ன விதிப்படி மாறுகிற எண்களின் கூட்டம் என்று போட்டிருந்தது. எனக்கு எரிச்சல் வந்தது. ஒரு ஆள் யார் என்று கேட்டால், சட்டையை மாற்றினால் இப்படி இப்படித் தெரிவான் என்று பதில் சொல்வதா? பார்க்கிற பக்கத்துக்குத் தக்கபடி மாறுகிற எண்ணை நான் எண்ணாக மதிக்கவில்லை. அது பொய்சாட்சி. புத்தகத்தை அரிசிப் பானைக்கு மேல் இருந்த பலகையில் வைத்துவிட்டு மறந்துபோனேன்.

என் கணவர் துறைமுகத்தை ஒட்டியிருந்த ஒரு பட்டறையில் அளவு எடுப்பவர். பாரம் ஏறும்போது கிரேனின் இரும்பு எவ்வளவு நீளுகிறது என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. இரும்பு நீளுமா என்று நானும் ஆரம்பத்தில் கேட்டிருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நீளும். அதற்கென்று உள்ளங்கை அளவில் ஒரு கருவி. அதற்கு இரண்டு கூர்மையான கால்கள், ஒரு முள், கோடு போட்ட ஒரு வட்டத் தட்டு. கால்கள் ஊன்றிய இடத்தில் இரும்பு ஒரு துளி நீண்டால் முள் தட்டில் சில கோடுகள் நகரும்.

அவரோடு அதே வேலையில் இன்னொருவர் இருந்தார். காத்திவாக்கத்துக்காரர், மீன்பிடிக்கிற குடும்பம். நாலெழுத்துப் படித்துவிட்டுக் கட்டுமரத்தை அண்ணன்மாரிடம் விட்டுவிட்டுப் பட்டறைக்கு வந்தவர். இரண்டு பேரும் தற்காலிகம்தான். வரப்போகிற நிரந்தர வேலை ஒன்றே ஒன்று என்று பட்டறையில் எல்லோருக்கும் தெரியும்.

பட்டறையின் துரை யாரையும் நம்பாதவர். ஒரே அளவை இரண்டு பேரைக் கொண்டு தனித்தனியாக எடுக்க வைப்பார். காலையில் ஒருவர் போவார். தகட்டில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டில் கருவியை மாட்டி, கிரேனைத் தூக்கவிட்டு முள்ளைப் பார்ப்பார். பிறகு அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக ஒரு குறுக்குக் கோடு போட்டு அதிலும் பார்ப்பார். அவர் முடித்ததும் துரை மண்ணெண்ணெய்த் துணியால் இரண்டு கோடுகளையும் துடைத்துவிடச் சொல்வார். மத்தியானம் அடுத்தவர் வந்து புதிதாகக் கோடு போட வேண்டும். முதல் ஆள் செய்ததை இரண்டாம் ஆள் பார்த்துக் காப்பியடிக்கக் கூடாது. இந்த ஏற்பாட்டைக் கேட்டதும், முகம் தெரியாத அந்த துரை மேல் எனக்கு ஒரு மரியாதையே வந்தது. நம்மவர் ஒருவர் அங்கே இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் புதுக் கிரேனின் அடித்தகட்டை அளந்தார்கள். பெரிய வட்டத் தகடு. எங்கே அளக்க வேண்டும் என்பதற்கு அதன் மேல் சிவப்புச் சாயத்தில் ஒரு பொட்டு.

திங்கட்கிழமை சாயங்காலம் என் கணவர் வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாங்க, மூஞ்சி இப்டி கீது?" என்றேன்.

"துரை ரெண்டு பேரையும் கூப்ட்டு நிக்க வெச்சிட்டான். ஒரே தகடு, ஒரே பொட்டு, ஒரே பாரம். எனக்கு மொதக் கோட்டுல பன்னண்டு, குறுக்குல நாலு. அவனுக்கு மொதக் கோட்டுல மூணு, குறுக்குல பதிமூணு. ஒருத்தன் முள்ளப் பாக்காமயே எழுதிகினு வரான்னு துரை சொல்றான்."

"அப்பறம்?"

"சனிக்கெழம வரைக்கும் டைம். எவன் பொய்யின்னு அதுக்குள்ள தெரியலன்னா அவனே ஒருத்தன வெளிய தள்ளிடுவானாம்."

"யாரு பொய்யி?"

"அவந்தான். இதுல இன்னா சந்தேகம்."

பதில் இத்தனை வேகமாக வந்தது எனக்குப் பிடிக்கவில்லை. காத்திவாக்கத்துக்காரர் சோம்பேறி, கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்றெல்லாம் அவர் அடுக்கினார். நான் சோற்றைப் போட்டுவிட்டு அவரையே பார்த்தேன். ஒரு ஆள் வெளியே போனால் இன்னொரு ஆளுக்கு வேலை நிரந்தரம். இதைச் சொல்ல நான் கல்லூரிக்குப் போயிருக்க வேண்டியதில்லை.

முதலில் நான் காத்திவாக்கத்துக்காரரைத்தான் சந்தேகித்தேன், பெண்டாட்டி என்றால் அதுதானே முறை. ஆனால் அது நிற்கவில்லை. பொய் சொல்கிறவன் நம்பும்படியாகத்தான் சொல்வான். பன்னிரண்டுக்குப் பக்கத்தில் பதினொன்று என்றோ பதின்மூன்று என்றோ வைத்திருப்பான். தலைகீழாக மூன்று என்று எவனாவது வைப்பானா? பிறகு என் கணவர் மேல் திரும்பியது. அன்று அவர் குளிக்கும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்தார். வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறவர் பாடுவாரா என்று யோசித்தேன். அடுத்த நாள் பாடவில்லை. ஏன் பாடவில்லை என்று யோசித்தேன்.

செவ்வாய்க்கிழமை பள்ளியில் பிள்ளைகள் கூட்டல் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் கையும் சும்மா இருக்காமல் கரும்பலகையில் அந்த நான்கு எண்களை எழுதியது. பன்னிரண்டும் நாலும் பதினாறு. மூன்றும் பதிமூன்றும் பதினாறு.

என் வகுப்பில் இரண்டு பிள்ளைகளுக்கு இப்படி வந்திருந்தால் இரண்டு பேரையும் எழுப்பி நிற்க வைத்திருப்பேன். தனித்தனி எண்கள் வேறு, கூட்டுத்தொகை மட்டும் ஒன்றா? இரண்டு பேரும் சேர்ந்து ஜோடித்தார்களா என்று நினைத்தேன். சேர்ந்து ஜோடித்தவர்கள் எதற்காக ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டுக்கொள்ள வேண்டும்? அப்போதுதான் அரிசிப் பானைக்கு மேல் கிடந்த புத்தகம் ஞாபகம் வந்தது. கூட்டினால் மாறாது என்று அதில் எங்கோ ஒரு வரி படித்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தை இறக்கித் தூசி தட்டினேன். இருந்தது. அச்சுக்கோடுகளை எப்படித் திருப்பினாலும், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு கோடுகளின் நீட்சியைக் கூட்டினால் தொகை மாறாது. புத்தகம் சொல்கிறது என்பதற்காக நம்பிவிட முடியுமா? என் கணவரின் பழைய பனியன் ஒன்றை எடுத்துத் தரையில் விரித்தேன். அடுப்புக்கரியால் அதன் மேல் ஒரு வட்டம் போட்டேன். வட்டத்துக்குள் நேராக ஒரு கூட்டல்குறி, சாய்வாக இன்னொரு கூட்டல்குறி. ஒரு மூலையை அம்மிக்கல்லின் அடியில் வைத்து எதிர்மூலையைப் பிடித்து இழுத்தேன்.

"என் பனியன இன்னா பண்ற?" என்று வாசலில் இருந்து குரல் வந்தது.

"கிழிசல்தானே, சும்மா கெடங்க" என்றேன்.

வட்டம் முட்டையாக மாறியிருந்தது. பனியன் ஒன்று, இழுப்பு ஒன்று, முட்டையும் ஒன்றுதான். ஆனால் நேராகப் போட்ட கூட்டல்குறியின் கைகள் ஒரு மாதிரியும், சாய்வாகப் போட்டதன் கைகள் வேறு மாதிரியும் நீண்டிருந்தன. சாய்ந்த கூட்டல்குறியின் ஒரு கை நன்றாக நீண்டது, மறுகை நீளவே இல்லை. யாராவது முட்டையைத் துடைத்துவிட்டுக் கை நீளங்களை மட்டும் என்னிடம் காட்டியிருந்தால், இது வேறு பனியன், அது வேறு பனியன் என்று சத்தியம் செய்திருப்பேன்.

எனக்கு அந்த நிமிஷம்தான் டென்சர் புரிந்தது. எண்கள் டென்சர் இல்லை. எண்கள் நாம் போட்ட கோடுகளில் அந்த முட்டை விட்டுப்போன அடையாளம். நாம் கோட்டைத் திருப்பினால் அடையாளம் மாறும், முட்டை திரும்பாது. புத்தகம் விதி விதி என்று சொன்னது இதைத்தான்: கோட்டை இவ்வளவு திருப்பினால் எண் இவ்வளவு மாற வேண்டும், அதற்கு மேல் மாறினால் அளந்தவன் பொய்யன். பொய்சாட்சி என்று நான் திட்டியதே கடைசியில் பொய்சாட்சியைப் பிடிக்கிற ஆயுதமாக இருந்தது. ஒரு பொட்டில் முட்டை எப்படி இருக்கிறது என்று தெரிய மூன்று பக்கம் அளந்தால் போதும். ஒரு பக்கம் அளந்துவிட்டு எதையும் சொல்ல முடியாது. புத்தகத்தில் இதைப் படித்ததும் எழுந்து போய் என் கணவரிடம் சத்தமாகச் சொன்னேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

"கோடு எப்டிப் போட்டீங்க?" என்று கேட்டேன்.

"எப்டிப் போடுவாங்க? சொவருக்கு நேரா." கப்பல் வந்து ஒட்டி நிற்கும் கற்சுவரைச் சொன்னார்.

"அவரு?"

"அவனும் அப்டித்தான். வேற எப்டிப் போடறது?"

"நீங்க பாத்தீங்களா?"

யாருமே பார்த்திருக்க முடியாது. தகடு வட்டம், அதற்கு நேர் பக்கம் என்று ஒன்று கிடையாது. கோட்டையோ துரை துடைத்துவிடச் சொல்லிவிட்டார். திருட்டைத் தடுக்க வைத்த ஏற்பாடு, இருந்த ஒரே சாட்சியையும் அழித்துவிட்டது. துரை மேல் எனக்கிருந்த மரியாதை கொஞ்சம் இறங்கியது.

காத்திவாக்கத்துக்காரரின் மனைவியை எனக்குத் தெரியும். காலை ரயிலில் கூடையோடு வந்து ராயபுரத்தில் மீன் விற்பவர். இரண்டு வருஷமாக அவரிடம்தான் வாங்குகிறேன், இரண்டு வருஷமாகவும் அவரை நம்பியதில்லை. புதன்கிழமை காலையில் அவர் எதிரே குந்தினேன். செவுளைத் தூக்கிச் சிவப்பு பார்த்தேன், கண்ணைப் பார்த்தேன், வயிற்றை அழுத்தினேன்.

"செவுளு பாத்தாச்சு, கண்ணு பாத்தாச்சு. இன்னும் இன்னா டீச்சரம்மா, ஜாதகமும் பாக்கணுமா?" என்றார். வழக்கமான கேலிதான். ஆனால் அன்று குரலில் உயிர் இல்லை.

"வூட்ல இன்னா விசேஷம்?" என்றேன்.

"ஒங்களுக்குத் தெரியாததா? எங்க வூட்டுக்காரரு சோறு துண்றதில்ல. சனிக்கெழம வேல பூடும்னு சொல்லிகினு கீறாரு."

"பட்டறையில அவரு கோடு எப்டிப் போடுவாருன்னு எப்பயாவது சொல்லியிருக்காரா?"

அவர் கை நின்றது. நான் மீனைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார். "இத ஏன் நீங்க கேக்கறீங்க?"

"எங்க வூட்டுக்காரருக்காகக் கேக்கல. எனக்குத் தெரியணும்."

நம்பினாரா என்று தெரியவில்லை. கூடையைச் சரிசெய்துகொண்டே சொன்னார். "எங்க ஆளு வெளக்கப் பாக்காம ஒண்ணும் செய்ய மாட்டாரு. கடலுக்குப் போம்போது அவங்கப்பா பழக்கிவுட்டது. வெளக்கு எந்தப் பக்கம்னு கண்ணுல வெச்சிகினுதான் வலைய எறக்கணும். வூட்ல பாய் போட்டாக்கூட வெளக்குக்கு நேராத்தான் போடுவாரு. பட்டறையிலயும் அப்டித்தான்னு ஒரு வாட்டி சொல்லிச் சிரிச்சாரு."

ஹைகோர்ட் கட்டடத்தின் உச்சியில் இருக்கிற கலங்கரை விளக்கைத்தான் சொன்னார். மீனுக்குக் காசு கொடுத்துவிட்டு, மீதியை வாங்காமலே எழுந்து வந்துவிட்டேன். நான் அப்படிச் செய்தது அந்த ஒரு முறைதான்.

அன்று சாயங்காலம் பள்ளியின் பெரிய மரக் கோணமானியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கிரேன் பக்கத்தில் நின்றால் விளக்கு எந்தப் பக்கம் தெரியும் என்று கணவரைக் கேட்டேன். அவர் தரையில் துடைப்பக்குச்சி ஒன்றைச் சுவராக வைத்து, இன்னொன்றைச் சாய்த்து விளக்குப் பக்கமாக வைத்தார். அளந்தேன். முப்பது பாகை.

பிறகு கணக்குப் போட்டேன். சுவர்க்கோட்டில் பன்னிரண்டு, அதன் குறுக்கில் நாலு, விளக்குக்கோட்டில் மூன்று. மூன்று பக்கமும் கையில் வந்துவிட்டன, முட்டை முழுதாகத் தெரிந்துவிட்டது. நான்காவது எண்ணைக் கணக்கிலிருந்து எடுத்தேன்: பதிமூன்று. காத்திவாக்கத்துக்காரர் எழுதியதே அது. ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் சுவரைப் பார்த்தார், ஒருவர் விளக்கைப் பார்த்தார், அவ்வளவுதான்.

ஆனாலும் என் புத்தி என்னை விடவில்லை. கூட்டுத்தொகை மாறாது என்று தெரிந்த ஒரு கெட்டிக்காரன் இதையும் ஜோடிக்கலாமே. துரையும் இப்படித்தான் கேட்பார், நானாக இருந்தால் கேட்பேன். யாரும் அளக்காத ஒரு பக்கத்தைக் கையில் பிடிக்க வேண்டும். முட்டையை வைத்து ஒவ்வொரு பக்கமாகப் போட்டுப் பார்த்தேன். சுவர்க்கோட்டுக்கும் அதன் குறுக்குக்கோட்டுக்கும் நட்டநடுவே, விளக்கு இருக்கிற பக்கமாகச் சாய்த்து ஒரு கோடு போட்டால் விடை பூஜ்யம் வந்தது. தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி போட்டேன். மறுபடியும் பூஜ்யம். கிரேன் பாரத்தைத் தூக்கும், தகடு முனகும், ஆனால் அந்தக் கோட்டில் கருவியை மாட்டினால் முள் அசையாது. ஜோடிக்கிறவன் யாரும் அந்த எண்ணை நினைத்துக்கூடப் பார்க்க மாட்டான்.

எல்லாவற்றையும் என் கணவருக்குப் பனியனை வைத்து விளக்கினேன். கவனமாகக் கேட்டார். இடையில் இரண்டு கேள்வி கேட்டார், இரண்டும் நல்ல கேள்விகள். நான் முடித்ததும் பனியனை மடித்தார். கரி பட்ட பனியனை எதற்கு மடிக்க வேண்டும்?

"இத யார்கிட்டயும் சொல்லாத" என்றார்.

"நீங்க துரைகிட்ட சொல்வீங்களா?"

"நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் சொன்ன காரியங்கள் எங்கள் வீட்டில் நிறைய. கூரையில் ஒழுகும் ஓடு இரண்டு மழையாகப் பார்த்துக்கொள்ளப்பட்டு வந்தது. அவர் முகத்தைப் பார்க்க முயன்றேன், வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். இனி அவர் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. சும்மா இருந்தாலே போதும். துரை எப்படியும் மீன்காரக் குடும்பத்து ஆளைத்தான் அனுப்புவார் என்று பட்டறையில் பேச்சு. சும்மா இருந்ததற்காக யாரும் அவரைத் தப்பு சொல்லவும் முடியாது. வியாழக்கிழமை முழுக்க அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு வருஷம் கூட வாழ்ந்த ஆள் எப்படிப்பட்டவர் என்பது ஒரு தகட்டின் மேல் வந்து நிற்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை மீன்காரம்மாவிடம் போனேன். "ஒங்க வூட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க. நாளைக்குத் துரை கேட்டா, சொவருக்கும் அதோட குறுக்குக்கும் நட்டநடுவுல, வெளக்குப் பக்கமா ஒரு கோடு போட்டு அளக்கச் சொல்லணும். முள்ளு அசையாது. ரெண்டு பேரு அளவும் சரின்னு அப்பத் தெரிஞ்சிடும்."

அவர் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். "இத ஒங்க வூட்டுக்காரரு சொல்லியனுப்பினாரா?"

"இல்ல. நான் வந்தது அவருக்குத் தெரியாது."

"ஓ" என்றார். அவ்வளவுதான்.

சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. என் கணவர் வந்தார், கைகால் கழுவினார், சாப்பிட்டார். நான் கேட்கும் வரை பொறுத்திருந்தார்.

"இன்னா ஆச்சு?"

"ரெண்டு பேருமே கீறோம்."

"எப்டி?"

"முள்ளு அசையல" என்றார். எழுந்து போய்ப் படுத்துவிட்டார்.

காத்திவாக்கத்துக்காரர் சொல்லிவிட்டார் என்று முடிவு கட்டினேன். இவர் வாய் மூடி நின்றிருப்பார், அதனால்தான் பேச்சு இத்தனை சுருக்கம். என் கணக்கு இரும்பில் பலித்ததை நினைத்து ஒரு பக்கம் நெஞ்சு நிறைந்தது. இன்னொரு பக்கம், இந்த ஆளுக்கா நான் சோறு போடுகிறேன் என்று இருந்தது. ஞாயிறு மத்தியானம் வரை நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ரசத்தில் உப்பு இல்லை என்றார். தெரியும் என்றேன்.

அன்று சாயங்காலம் மீன்காரம்மா எங்கள் வீட்டுக்கே வந்தார். வாழையிலையில் சுற்றிய பெரிய கொடுவா மீன் கையில். எண்ணூர் முகத்துவாரத்தில் அன்று பிடித்தது என்றார். என்னிடம் கொடுத்துவிட்டு, உள்ளே இருந்து வந்த என் கணவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"அண்ணா, எங்க குடும்பமே ஒங்க பேரச் சொல்லும். துரை எங்க ஆளப் பாத்து வெளிய போன்னு கையக் காட்டிட்டாராமே. நீங்கதான் முன்னால வந்து, அவரு கோடு வெளக்கப் பாத்து, என் கோடு சொவரப் பாத்து, ரெண்டும் சரிதான், நடுவுல அளங்க முள்ளு அசையாதுன்னு சொன்னீங்களாம். துரை தன் கையாலயே மாட்டிப் பாத்தாராம்."

நான் மீனோடு நின்றேன். "ஒங்க வூட்டுக்காரரு சொல்லலியா?" என்று என் வாய் கேட்டுவிட்டது.

"எங்க சொன்னாரு டீச்சரம்மா. நீங்க வந்து சொன்னத அப்டியே போய்ச் சொன்னேன். நம்பவே இல்ல. எதிராளி வூட்லருந்து வர்ற கணக்கு, நம்மள மாட்டிவுடத்தான் இருக்கும்னு வாயத் தொறக்காம நின்னுட்டாராம்."

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மீன்காரம்மாவுக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும். ரயிலுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார்.

என் கணவர் வாசல்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"யார்கிட்டயும் சொல்லாதன்னு சொன்னேன்" என்றார்.

"சொன்னீங்க."

"பட்டறைக் கணக்கு வூட்டுக்கு வந்துச்சின்னு துரைக்குத் தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் சீட்டு கிழிஞ்சிருக்கும். அதுக்குத்தான் சொன்னேன். எல்லாம் எனக்கே தோணுச்சின்னு சொல்லிச் சமாளிச்சேன்."

"இத அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருப்பேன். நீங்க துரைகிட்ட சொல்வீங்களான்னு கேட்ட பாரு, அப்பவே தெரிஞ்சிபோச்சி நீ இன்னா நெனச்சிகினு கீறன்னு."

எனக்கு வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது. முதல் நாள் அவ்வளவு வேகமாக அடுத்த ஆள் மேல் பழி போட்டவர் இவர்தானே, அதை நான் எந்தக் கணக்கில் வைப்பது? இன்னொரு முறை அப்படி ஒரு நிலைமை வந்தாலும் நான் போய்ச் சொல்லத்தான் செய்வேன். ஒரு குடும்பத்துச் சோற்றை, பார்த்துக்கொள்கிறேன் என்ற ஒரு வார்த்தையை நம்பி விட்டுவிட முடியாது. இதையெல்லாம் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

அவர் அதற்குள் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. "ஒரு பொட்டுல இன்னா கீதுன்னு தெரிய மூணு பக்கம் அளக்கணும்னு நீதானே ஓடி வந்து சொன்ன. என்ன மட்டும் ஒரு பக்கத்தோட நிறுத்திட்டியே."

மீனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். அருவாமனையைப் போட்டு உட்கார்ந்தேன். கை பழக்கத்தில் செவுளைத் தூக்கப் போனது. நிமிர்ந்தால், அவர் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். செவுளைப் பார்க்காமலே மீனைக் கழுவி நறுக்கினேன்.